காவல் ஊசி

அய்யா துணை

குலசேகரம்,
30-8-1953

கொழும்பிலிருக்கும் மாப்பிள்ளை கிருஷ்ணமணிக்கு மாமன் பொன்னுலிங்கம் எழுதுவது. உங்களுக்குச் சுகம் உண்டாகட்டும். இங்கே பேரப்பிள்ளை சுகம். மகள் ஜெயபாய்க்குச் சுகமில்லை. தந்தியில் மருந்தின் பெயரையும் 'உடனே வரவும்' என்பதையும்தான் சொல்ல முடிந்தது. ஏன் என்பதை இதில் எழுதுகிறேன். கோட்டாற்று செய்யது அலி நாளை திருச்சியில் விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

பேறு நல்லபடியாகத்தான் முடிந்தது. அதன்பிறகு இடது மார்பில் கட்டி வந்து காய்ச்சல் கண்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கீறிச் சீழ் எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. இப்போது வலது பக்கமும் சிவந்திருக்கிறது. பென்சிலின் போட்டதெல்லாம் வெறும் தண்ணீர் போலப் போயிற்று.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்கு இதற்கு முன் பென்சிலின் போட்டதுண்டா என்று கேட்டார். நானும் பெருமையாக, ஏழாம் மாதத்திலிருந்து வாரந்தோறும் போட்டோம் என்றேன். என்ன சீக்குக்கு என்றார். ஒரு சீக்கும் இல்லை, வராமலிருக்கத்தான் என்றேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ரப்பர் ஷீட்டில் பூசணம் பிடித்தபின் புகைப்புரையில் தொங்கவிடுகிறவன் முட்டாள். பிடிக்கும் முன்னே புகை காட்ட வேண்டும். அப்படிச் செய்துதான் நான் நாலு பேர் மதிக்க நிற்கிறேன். மனுஷ உடம்பும் ஷீட் போலத்தான் என்று நினைத்துவிட்டேன். கம்பவுண்டர் பகவதியப்பனை வரவழைத்து வீட்டாருக்கும் புகைப்புரை ஆட்களுக்கும் ஊசி போட வைத்தேன். 'காவல் ஊசி' என்று பெயர் வைத்ததும் நான்தான். ஜெயபாய், "சீக்கே இல்ல, எனக்கு எதுக்குப்பா ஊசி?" என்று கேட்டாள். "ஏட்டி, கள்ளன் வந்த பெறவா கதவ அடைப்ப?" என்று அவள் வாயை அடைத்தேன். இதையும் உங்களுக்குப் பெருமையடித்து எழுதினேன். நீங்கள் நன்றி சொல்லிப் பதில் போட்டீர்கள். அந்த நன்றியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா சொன்னது இது: "பென்சிலினுக்குச் சாகிற கிருமியை எல்லாம் நீங்களே கொன்னுட்டீங்க. சாகாத கிருமிக்கு வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துட்டீங்க."

எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். புகைப்புரை சுடலையாண்டிக்குக் கத்தி பட்டுக் கை பழுத்தது. எத்தனை ஊசிக்கும் ஆறவில்லை. ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலக்கிறவர்களையே பார்த்துப் பழகிய கண் எனக்கு. "ஓய், மருந்துலயும் தண்ணி கலக்க ஆரம்பிச்சாச்சா?" என்று பகவதியப்பனைத் திட்டினேன். சுத்தமான மருந்தாக்கும் என்று அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நம்பாமல், எல்லோருக்கும் ஊசியை இரட்டிப்பாக்கச் சொன்னேன். அந்தப் புண்ணின் கிருமிதான் ஜெயபாய்க்கும் வந்ததா என்று கேட்டதற்கு டாக்டரம்மா, இருக்கலாம் என்றார். சுடலையாண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அதை வளர்த்தவன் நான்.

உங்கள் மாமி முத்துக்கனி, "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் எழுதாண்டாம். மக எழும்பட்டும், பெறவு மெதுவாட்டு சொல்லலாம்" என்றாள். எழும்பாமல் போனால் யார் சொல்வது என்று கேட்டேன்.

ஜெயபாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊசியோடு வந்த நர்ஸிடம், "எங்க அப்பாட்ட ஒரு வாக்கு கேட்டுட்டுப் போடுங்க" என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பேரனுக்கு டப்பாப் பால் கொடுக்கிறோம். குடிக்கிறான். மூக்கு உங்கள் ஜாடை.

இனி ஆரியோமைசின் என்ற புது மருந்துதான் கேட்கும் என்கிறார் டாக்டரம்மா. நாகர்கோவிலில் இல்லை, திருவனந்தபுரத்தில் தேடியும் கிடைக்கவில்லை. கொழும்பில் பெரிய மருந்துக்கடைகளில் கிடைக்கும் என்றார்கள். எப்படியாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். வந்து என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். தலைகுனிந்து நிற்கிறேன்.

ஒன்று மட்டும். அந்த மருந்தை என் கையில் கொடுக்க வேண்டாம். நேரே டாக்டரம்மாவிடம் கொடுங்கள். பேரனுக்குக் காவலாக ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

கடல் அமைதியாக இருந்து, அய்யா உங்களை வேகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயபாயின் அப்பா
பொன்னுலிங்கம்