பெரிய கல்லை நட்ட நாள்

ஞாயிறு, இரவு.

வாசலில் கல்தோட்டத்துக்கு மண் தோண்டிக்கொண்டிருந்தேன். பத்து காவான் ஊரிலிருந்து மகன் வந்தான். வீட்டைப் பார்த்து விலை பேச ஒருவரையும் கூட்டி வந்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“விக்கப்போற வீட்டுக்கு எதுக்கும்மா இந்தக் கல்லெல்லாம்?”

“யாரு விக்கப்போறா? நான் இங்கதான் இருப்பேன்.”

வந்தவர் சங்கடப்பட்டுத் தெருவில் போய் நின்றார்.

“அப்பாவும் இல்ல. தனியா விழுந்து கெடந்தா யாரும்மா பாக்கிறது?” என்றான்.

நான் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. அவன் கோபத்தோடு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

பிறகு பெரிய கல்லை நானே நெம்பி உருட்டிக் குழிக்குள் இறக்கினேன். பாதிவரை மண் போட்டு மிதித்தேன். இனி அது அசையாது.

இடுப்பு வலி உயிர் போகிறது. அவனிடம் சொல்லப்போவதில்லை.