ஃப்ளோரா வைத்த பூசை

அண்ணனுக்கு,

ஞாயிறன்று உப்பளத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். என் மகள் ஃப்ளோரா பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, சர்ச்சில் அப்பம் கொடுப்பதுபோல் பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுத்துப் பூசை விளையாடினாள். "விளையாட்டா இது? தேவதூஷணம்!" என்று அவளை அறைந்தீர்கள். நீங்கள் போதகராம்.

நீங்கள் போனதும் அவள் பொம்மைகளை மறுபடி அடுக்கினாள். ஒரு பிஸ்கட் துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"யாருக்குடி அது?"

"மாமாவுக்கும்மா. கோவமா போனாங்க இல்ல, பசிக்கும்."

அவள் கன்னத்தில் உங்கள் விரல்கள் பதிந்திருந்தன. உங்கள் பிரசங்கம் எதிலும் எனக்குத் தெரியாத ஆண்டவர் அந்தத் தரையில் தெரிந்தார்.

அவள் மன்னித்துவிட்டாள். நான் மன்னிக்கவில்லை. உங்களுக்கு வைத்த துண்டை நானே தின்றுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வராதீர்கள்.

உங்கள் தங்கையாக இருந்தவள்