அச்சேறாத என் கதையை வாசித்த குரல்

கானோ, நைஜீரியா,
வெள்ளிக்கிழமை.

என் மூத்தவளுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே லீட்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே புழுதிக்காற்று தொடங்கிவிட்டது, காலையில் துடைத்த நாற்காலியில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். உன் வாப்பாவுக்கு இருமல், மருந்து குடியுங்கள் என்றால் எனக்கு ஒன்றுமில்லை என்று கத்துகிறார், கத்தும்போதே இருமுகிறார். நீ கேட்ட கூக்கா இலைப்பொடியை இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன், குழம்பில் கடைசியாகத் தூவு, முதலிலேயே கொட்டிக் கட்டியாக்கிவிடாதே. பையனுக்குக் காதை மூடித் தொப்பி போடு, போட்டோவில் வெறுந்தலையாக நிற்கிறான்.

இதையெல்லாம் எழுதவா பேனாவை எடுத்தேன்? போனில் பேசினால் அழுதுவிடுவேன், உனக்கு முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை, அதனால்தான் கடிதம்.

போன வாரம் பெண்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் சாபிரா வந்து, பிள்ளைங்க படம், பாட்டு, புத்தகம்னு எல்லாத்தையும் போன்ல ஓசியில வாங்கி ஓசியில அனுப்பிக்கிட்டுத் திரியுதுங்க, நீங்க கதை எழுதறவங்க, வந்து உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க என்று கூப்பிட்டாள். போனேன், உறைக்கத்தான் சொன்னேன். எழுதினவளைக் கேட்காமல் அவள் கதையை ஊருக்கு அனுப்புவது திருட்டு, அப்படிச் செய்கிறவர்களைப் பேர் சொல்லி நாலு பேர் முன்னால் வெட்கப்பட வைக்க வேண்டும் என்றேன். ஃபிர்தவ்சி என்று ஒரு வாயாடி எழுந்து, நாங்க விக்கலையே ஹாஜியா, பிரியமாத்தானே குடுக்கறோம், அதுவும் திருட்டா என்றாள். பக்கத்து வீட்டுச் சட்டியில இருக்கிற கறியை எடுத்துப் பிரியமா தானம் பண்ணு, நன்மை கிடைக்குதா பாப்போம் என்றேன், வகுப்பே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. பையிலிருந்து புதுக் கதையின் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் காட்டி, பின்டா என்கிற பெண்ணின் கதை இது, பெருநாளைக்கு அப்புறம்தான் அச்சுக்குப் போகிறது, வெளியாள் கண் இன்னும் படவில்லை என்றேன். மறுபடியும் சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. அதே ஃபிர்தவ்சிதான், ஐயோ ஹாஜியா, பின்டாவை அவ புருஷன் துரத்திவிடற வரைக்கும் நாங்க கேட்டாச்சு, யூடியூப்ல ஒரு அக்கா வாசிக்கிறாங்க, என்ன குரல் தெரியுமா, எங்கம்மா அழுதுக்கிட்டே குழம்பைத் தீய விட்டுட்டாங்க என்றாள். சாபிரா தன் போனில் அதைப் போட்டுக் காட்டினாள்.

உன் குரல். எனக்குத் தெரியாதா அது? உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. எடுத்ததும், பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி எழுதிய கதை என்று முன்னுரை வேறு. எவளடி விரும்பாதவள்? உன் வாப்பா வீட்டு ஆட்கள் முகம் சுளித்தபோதுகூட ஒவ்வொரு அட்டையிலும் கொட்டை எழுத்தில் போட்ட பேர் அது! பிழை பார்க்கத்தானே உனக்கு அனுப்பினேன், அதையாவது செய்தாயா? பதினோராம் அத்தியாயத்தில் பின்டாவின் மாமியார் பேர் மாறிக் கிடக்கிறது, அதையும் அப்படியே உருகி உருகி வாசித்திருக்கிறாய். நன்றாகத்தான் வாசிக்கிறாய், அதுதான் வயிறு எரிகிறது.

இந்த அக்காவை என்ன பண்ணணும் ஹாஜியா, உங்களுக்கு யாருன்னு தெரியுமா என்று கேட்டார்கள். முதல் பிள்ளையின் பேரைத் தாய் நாலு பேர் முன்னால் சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை, பாசத்துக்குப் போடுகிற முக்காடு அது. அன்றைக்கு அதையே என் பொய்க்குப் போட்டுக்கொண்டேன். தெரியாது, யாரோ என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வழியில் சந்தையில், என் கதைகளை அச்சடித்து விற்கிற புத்தகக்கடை கம்போவைப் பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க ஹாஜியா, ஊரே காதால கேட்டு முடிச்ச கதையை நான் யார் தலையில கட்டறது என்று கையை விரித்துவிட்டார். இரண்டு வருஷம் எழுதியது, இனி அச்சில் வராது. உலகம் கேட்கட்டும்னுதான் உம்மா வாசிச்சேன் என்பாய். உலகத்தைக் கேட்டாய், என்னைக் கேட்டாயா?

இன்னும் ஒன்று. கடைசி அத்தியாயத்தை அனுப்பு அனுப்பு என்று இந்த மாதம் முழுக்க நச்சரித்தாய். பின்டா என்ன ஆகிறா, சொல்லுங்க உம்மா, தூக்கமே வரலை என்றாய். சின்ன வயதில் என் கதை ஒன்றைக்கூடத் தொடாதவள், இப்போது எவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள் பாருங்கள் என்று உன் வாப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். நேற்றுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உன் குரலுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். பின்டா என்ன ஆகிறா, சொல்லுங்க அக்கா, தூக்கமே வரலை என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அந்த வார்த்தையும் உன்னுடையது இல்லை.

கடைசி அத்தியாயம் என்னிடமே இருக்கட்டும். அல்லாஹ் உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். அவன் உன்னிடம் ஆசையாக எதையாவது கேட்டால், அது அவனுடைய ஆசையாகவே இருக்கட்டும். தொப்பியை மறக்காதே.

உன்னைப் பெற்ற,
பலராபா யாகுபு