குப்பைக்கீரை தந்த கண்

இன்று சுகாதார நிலையத்து நர்சம்மா எங்கள் தெருப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒரு கட்டுக் குப்பைக்கீரையைத் தூக்கிக் காட்டினார். வேரோடு பிடுங்கியது. அந்த ஈரமண் வாசனை மூக்கில் ஏறியதுமே, எங்கள் தெருவில் களை பிடுங்க வந்த உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. "மாசமா இருக்கும்போது மாலைக்கண் வராம இருக்க இந்தக் கீரை ரொம்ப நல்லது," என்றார். உடனே என் மாமியார், "இது தெரியாதா எங்களுக்கு? எம் மருமவளுக்கு நானே கடஞ்சி குடுத்தேனே!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முசரவாக்கத்திலிருந்து விடியுமுன் நடந்து வருவீர்கள். தெருவில் பட்டு நெசவுக்கான பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டுவதற்கு முன், நூலில் எதுவும் சிக்காமல் இருக்க ஓரத்துப் புல்பூண்டையெல்லாம் பிடுங்குவது உங்கள் வேலை. எங்களுக்கு அது களை. நீங்கள் குப்பைக்கீரையை மட்டும் தனியாக மடியில் கட்டிக்கொள்வீர்கள். "குப்பை துன்றவ" என்று தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்த உங்களை, 'வா, போ' என்றும் பேசியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். என் கணவர் தறியில் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொடுப்பது நான். பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்கும், நாடா தவறும். அவர் கத்துவார். "வேலைக்கு வணங்காம நடிக்கிறா," என்பார் மாமியார். ஒருநாள் அந்தி நேரத்தில் தறிக்குழி தெரியாமல் காலை வைத்து விழுந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அப்போதும் அந்த வீட்டில் ஒருவருக்கும் அது நடிப்பில்லை என்று தோன்றவில்லை. என்ன மனிதர்கள்!

மறுநாள் காலை என் கைச் சிராய்ப்பைப் பார்த்து நீங்கள்தான் கேட்டீர்கள். "பொழுது போனா கண்ணு தெரியலியாம்மா?" நான் அழுதேன். மடியிலிருந்த கீரையை வாசற்படியில் வைத்தீர்கள். உங்கள் கையிலிருந்து எதையும் நேராக வாங்காத மகா ஆசாரம் எங்கள் வீட்டுக்கு. "பருப்போட கடஞ்சி, கொஞ்சம் எண்ண வுட்டு தெனம் துன்னும்மா. எங்க ஊர்ல புள்ளத்தாச்சிக்கு இப்பிடி ஆனா இதத்தான் குடுப்பாங்க. கண்ணு வந்துரும்."

மாமியார் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துக் கடைந்து தின்றேன். ஒரு மாதம் போயிருக்கும். விளக்கேற்றாத சாயங்காலத்தில், தறியில் இருந்த புடவையின் பச்சை உடலும் அரக்குக் கரையும் சேரும் இடம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாடா ஒருமுறைகூடத் தவறவில்லை.

பிறகொரு நாள் கீரைச்சட்டி மாமியார் கண்ணில் பட்டது. "யாருடி குடுத்தா இந்தக் குப்பைய?" என்று அவர் கத்தியதும், "அவதாம்மா துன்னு துன்னுன்னு தொந்தரவு பண்றா. நா ஒண்ணும் கேக்கல," என்று சொன்னேன். எனக்குக் கண் திரும்பியதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் விடிகிற நேரத்தில் பாவு கட்டுகிற ஆட்கள் முன்னால் வைத்து மாமியார் உங்களை ஏசினார்: "புள்ளத்தாச்சிக்குக் குப்பையக் குடுத்தவ இனிமே இந்தத் தெருவுல காலு வைக்கக் கூடாது!" எதிர்த்துக் கேட்க ஒரு ஆண்பிள்ளை இல்லை. அன்றோடு உங்கள் வேலை போயிற்று.

அதே மாமியார் இன்று பெருமை அடித்துக்கொள்கிறார். விடவில்லை நான். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து.

"பழசெல்லாம் எதுக்குடி இப்ப கிளர்ற?" என்று மாமியார் என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

நர்சம்மாவுக்குச் சந்தோஷம். "அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிக்கினு வாங்கம்மா. அவங்களே பேசட்டும்," என்றார்.

போன ஆடியில் நீங்கள் இறந்துபோனதை, இப்போது களை பிடுங்க வருகிறவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நர்சம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எத்தனை வருஷம் ஆத்திரத்தை மாமியார் மேலேயே வைத்திருந்தேன்! பாதிக்கு மேல் என்னைச் சேர வேண்டியது.

உங்களைத் துரத்திய அன்று நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். இன்னும் சரியாக விடியவில்லை. காலி மடியோடு நீங்கள் தெருமுனை வரை நடந்து, ஒருமுறை எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனீர்கள். அந்த அரையிருட்டிலும் உங்கள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.