பதினான்காம் விதி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

சங்க அலுவலகத்தில் எனக்குத் தனி மேசை கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் திறக்காது, வெளிச்சம் வரும். காலனி ஆட்சி போன பிறகு நம்மை ஆண்டவர்கள் மொழியும் நம் மொழியும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்று ஆராய்கிற பேராசிரியர்கள் ஆறு ஊர்களிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை இங்கே கூடுவார்கள். அழைப்பு அனுப்புவதும் பெயர் அட்டை எழுதுவதும் என் வேலை.

ஒரு சங்கடம். உறுப்பினர் என்பதால் நானும் கட்டுரை வாசிக்க வேண்டும். போன இரண்டு மாநாட்டிலும் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லி, என் கட்டுரையைத் தோழி வாசிக்கும்படி செய்தேன். மூன்றாம் முறையும் பிறர் வாசித்தால் உறுப்பினர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பதினான்காம் விதி. பெயர் போனால் மேசையும் போகும், ஆய்வும் போகும்.

இந்த முறை தையற்கடைச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன். உன் கடையில் பேசுவதை அப்படியே எழுதி அனுப்பு.

உன் தங்கை


மார்ச் 11

என் எலிக்குட்டிக்கு,

உங்கள் சங்கத்தின் முழுப் பெயரைக் கட்டிங் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். “இந்த நீளத்துல ரெண்டு சட்டை தைக்கலாம்மா” என்றார்.

எழுதிக்கொள். ஓரம் அடிக்கிற மிஷின் மாதிரி நிறுத்தாமல் பேசுகிறவர் ‘ஓவர்லாக்’. மனதில் இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தால் ‘லைனிங் இல்லாத ஆள்’. அடிநூல் தீர்ந்த மிஷின் மாதிரி பேச்சு பாதியில் நின்றுபோனால் ‘பாபின் காலி’. அது நீ. என் மாமியாருக்கு ‘ஆல்ட்ரேஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். சமைத்தாலும் துவைத்தாலும், இங்கே கொஞ்சம் பிடி, அங்கே கொஞ்சம் இறக்கு என்பார். வெளியே சொல்லிவிடாதே.

பத்தாவதோடு நான் மிஷினில் உட்கார்ந்தது, நீ காலேஜ் முடித்துவிட்டு இப்படித் தோழி முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவா? எழுந்து நில்லுடி.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டுரை தயார். நாளை மறுநாள் வாசிப்பு. “இந்தத் தடவையும் நானே வாசிக்கட்டுமா?” என்று தோழி கேட்டாள். சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கை வேர்க்கிறது. எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும்.

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாமல் படி.

நானே வாசித்தேன். மூன்றாம் பக்கம் ‘தையற்கடைக்காரர் ஒருவர் கூறுவதாவது’ என்று முடிந்தது. அடுத்த தாளை எடுத்தேன். அது உன் கடிதம். மேற்கோளைச் சரிபார்க்கச் செருகி வைத்திருந்தேன், எடுக்க மறந்துவிட்டேன். பயத்தில் எழுத்துதான் தெரிந்தது, அர்த்தம் தெரியவில்லை. ‘பாபின் காலி. அது நீ’ என்று வாசித்ததும் கூடமே சிரித்தது. கட்டுரை பிடித்திருக்கிறது போல என்று குரலை உயர்த்தினேன். தலையைத் தூக்கி, முன்வரிசையில் இருந்த சங்கத் தலைவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து ‘எழுந்து நில்லுடி’ என்று வாசித்தபோதுதான் உறைத்தது.

செயலாளர் எழுந்தார். “பாதி வேற ஒருத்தர் பேச்சு. விதிப்படி இது சொந்த வாசிப்பே இல்லீங்க.”

“வாசிச்சது அந்தப் பொண்ணுதானே?” என்றார் தலைவர் அம்மா.

“குரல் அவங்களுது. பேச்சு?”

கால் மணி நேரம் என் முன்னாலேயே என்னைப் பற்றி விவாதித்தார்கள். ஆண்டவர்கள் மொழியில் ஆளப்பட்டவர்கள் பேசினால் அது யார் பேச்சு என்று ஒருவர் ஐந்து நூல்களிலிருந்து ஆதாரம் காட்டினார். அப்போது, “ஒரு நிமிஷம், நான் பேசணும்” என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால், நான்.

கையில் தாளே இல்லை. நேரம் முடிந்தது என்று அட்டையை நீட்டினார்கள். நிறுத்தவில்லை.

தாளில்லாமல் பேசியதையே சொந்த வாசிப்பாக ஏற்றுக்கொண்டார்கள். என் பெயர் பட்டியலிலேயே இருக்கிறது. செயலாளர் என் பெயருக்கு நேரே ‘நேரம் மீறினார்’ என்று குறிப்பு எழுதினார். அதைத் தட்டச்சு செய்தது நான்தான்.

உன் தங்கை


ஏப்ரல் 2

எலிக்குட்டி,

ஆல்ட்ரேஷனையும் வாசித்தாயா? ஆறு ஊருக்குத் தெரிந்தது என் வீட்டுக்குத் தெரிய எத்தனை நாளாகும்? இருக்கட்டும், உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் சத்தமாக வாசித்தேன். பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண் சிரித்துச் சிரித்து விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். கட்டிங் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “அதெல்லாம் சரிம்மா, பாப்பா என்ன பேசிச்சு?” என்று கேட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதவே இல்லை.

போனில் ‘உம்’ தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டாய் என்றுதானே ஏழு வருடமாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன்? இதுதான் கடைசிக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. அங்கே பேசியதை முதலிலிருந்து சொல். கடையில் எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போடப் போகிறேன். உன் பேச்சைக் கேட்க அப்பாவும் வருகிறார்.

அக்கா