ஓடி வந்த நாய்க்குக் கம்பளி

விக்டோரியா, ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் சுகம்.

செவ்வாயன்று இங்கே ஒரு சின்னக் கலவரம். பயிற்சி ஓட்டம் முடிந்து வந்த பந்தய நாய் பெப்பருக்கு, குளிர் தாக்கக் கூடாதென்று, அயர்லாந்தில் நம் திப்பரரி ஊர் வழக்கப்படி உடனே கம்பளி அங்கியை மாட்டிவிட்டேன். ஆஸ்திரேலியாவில் ஜனவரி கொளுத்தும் கோடை என்பது என் கைக்கு மறந்துவிட்டது. நாலடி நடந்த நாய் சரிந்து, வலிப்பில் கால்களை உதைத்தது.

"பைத்தியமாடி உனக்கு? வெந்து வந்திருக்கற நாய்க்குக் கம்பளியா! கழட்டு, தண்ணிய ஊத்து!" என்று முதலாளியம்மா கெய்லீன் கத்தினாள். ஊற்றினோம், எழுந்துகொண்டது. சிறுநீர் மட்டும் இன்னும் காப்பி நிறத்தில் போகிறது. நாளைக்குள் தெளியாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார் மருத்துவர். தெளிந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

நம் வீட்டுத் தேயிலை ஒரு பொட்டலம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் குடிக்கிறேன், சின்னப் பொட்டலம் போதும்.

கெய்லீன் கூப்பிடுகிறாள், பெப்பரைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் எழுதுங்கள் அப்பா. போன ஜூலையில், நம் ஊர்க் கோடை வெயிலில், நம் நாய் ஃபின் ஓடி முடித்ததும் விழுந்து செத்தபோது, இதயம் பலவீனம் என்றீர்கள். அன்றைக்கும் அங்கியை மாட்டியது நான்தான். உங்களுக்கு அப்போதே தெரியுமா?

உங்கள் மகள்,
ஓர்லா