பாட்டு நின்றால்

16 ஜூலை 1991, செவ்வாய். தாம்பரம்.

மூளையில் இருந்த கட்டியை எடுத்து வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. இனி வலிப்பு வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மாத்திரையை விடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, குளியலறையில் தாழ்ப்பாள் போடக் கூடாது. குளிக்கும்போது பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் என் மனைவி வசந்தாவின் உத்தரவு. அடுப்படியில் இருந்தபடியே அவளுக்கு நான் நன்றாக இருப்பது தெரியுமாம்.

வலிப்பு வருவது எனக்கு முன்பே தெரியுமா? "சில பேருக்குத் தெரியும்" என்றார் டாக்டர். எனக்குத் தெரியாமல் போனால் அவளுக்கு எவ்வளவு சீக்கிரம் தெரியும்? இன்று காலை பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. கதவு திறந்துவிட்டது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. அடுத்த வரி மறந்துடுச்சு."

"தெரிஞ்ச வரியையே திருப்பித் திருப்பிப் பாடுங்க. நிறுத்தாதீங்க." கையில் தோசைத் திருப்பி இருந்தது.

வெட்கமாகிவிட்டது. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. குளியலறை இருப்பது கொல்லைக் கோடியில். சாயங்காலம் அடுப்படியிலிருந்து நடந்து பார்த்தேன். இருபத்தைந்து எட்டு.

நாற்பது நாளாகத் தினமும் தோசை கருகித்தான் வருகிறது. கல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.